கிடா விற்கும்போது எடையோடு புழு முட்டைக் கணக்கும் கொடுங்கள்: கர்நாடகக் கால்நடைத் துறைக்கும் கிடா பண்ணைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கும், இனப்பெருக்கக் கிடா வளர்த்து விற்கும் பண்ணையாளர்களுக்கும் வணக்கம்.

பெங்களூரிலும் சுற்றியுள்ள ஆனேக்கல், ஹொசகோட்டே, கனகபுரா பக்கங்களிலும் செம்மறி வளர்க்கிற, செம்மறிக்கு வைத்தியம் பார்க்கிற தமிழர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. இந்தப் பக்கத்துப் பண்டூர் இனக் கிடா ஓசூருக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் போகிறது, அந்தப் பக்கத்து மேச்சேரி இனக் கிடா ஆனேக்கலுக்கு வருகிறது. அதனால் இது இரண்டு மாநிலத்து மந்தைகளையும் பற்றிய பேச்சு. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: இனப்பெருக்கத்துக்கென்று விற்கப்படும், மானியத்தில் வழங்கப்படும் ஒவ்வொரு கிடாவுக்கும், அது மேய்ச்சலில் குடற்புழுவை எந்த அளவுக்கு எதிர்த்து நின்றது என்று, அதன் புழுக்கையில் உள்ள புழு முட்டைகளை எண்ணி, அளந்து எழுதிய சீட்டு வேண்டும். கிடா வாங்குபவர் உடல் நீளம் பார்க்கிறார், பல் பார்க்கிறார், விதையைத் தொட்டுப் பார்க்கிறார், எடை கேட்கிறார். மழைக்காலச் சாவையும் மருந்துச் செலவையும் தீர்மானிக்கும் குணம் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை அளந்தால்தான் தெரியும்.

நம் பகுதியில் செம்மறியைக் கொல்லும் புழுக்களில் முதலில் நிற்பது ஹீமாங்கஸ் கன்டார்டஸ். குடற்புழு என்று பொதுவாகச் சொன்னாலும் இது இருப்பது ஆட்டின் நாலாவது வயிற்றில். செத்த ஆட்டின் வயிற்றைத் திறந்தால், இரண்டு மூன்று செ.மீ. நீளத்தில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலாக நெளியும். சிவப்பு, புழுவின் குடலில் நிறைந்த ஆட்டு இரத்தம். வெள்ளை, அதைச் சுற்றிக்கொண்டிருக்கும் கருப்பைக் குழாய். ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மி.லி. இரத்தத்தை இழக்க வைக்கிறது. 2,000 புழு இருந்தால் நாளுக்கு 100 மி.லி. போகும். இருபது கிலோ ஆட்டின் உடலில் இருக்கும் மொத்த இரத்தமே ஒன்றேகால் லிட்டரைச் சுற்றித்தான். கழிச்சல் இருக்காது, ஆடு மெலிந்தது போலவும் தெரியாது. கீழ்த்தாடையில் நீர் கோத்து வீங்கும், இரண்டொரு நாளில் மந்தைக்குப் பின்னால் தங்கி விழுந்துவிடும்.

பெண் புழு ஒன்று நாளுக்கு ஐந்தாயிரம் முதல் பத்தாயிரம் முட்டை இடும். சூடும் ஈரமும் சேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் அது பொரிந்து, இளம்புழு தொற்றும் பருவத்துக்கு வந்து, புல்லின் மேல் படிந்த ஈரத்தில் ஏறி நிற்கும். ஆடு அதை மேய்ந்து சுமார் மூன்று வாரத்தில் புதுப் புழு முட்டையிடத் தொடங்கிவிடும். பெங்களூரில் கடும் குளிரும் இல்லை, கொளுத்தும் வெயிலும் சில வாரம்தான். மே மாதம் தொடங்கும் மழை நவம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஏரிக்கரையிலும் ஏரி உள்வாயிலும் மேயும் மந்தைக்கு இது தொடர்ந்து புழு ஊட்டும் ஏற்பாடு.

இதற்கு இதுவரை நாம் நம்பியது குடற்பூச்சி மருந்து பாட்டிலை. அந்த நம்பிக்கை தளர்ந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாடு, கர்நாடகம், ராஜஸ்தான் என்று நாட்டின் பல பகுதிகளில், முக்கியமாக அடிக்கடி மருந்து கொடுக்கும் பெரிய பண்ணைகளில், அல்பெண்டசோல் வகைக்கு அடங்காத புழுக்கள் பதிவாகியிருக்கின்றன. அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் ஒரே குடும்பம். கடையில் பெயர் மாற்றி வாங்கினால் மருந்து மாறியதாக ஆகாது. எடையைக் குறைத்து மதிப்பிட்டுக் கொடுப்பது இன்னொரு காரணம். 2.5 சதவீத அல்பெண்டசோல் கரைசலில் ஒரு மி.லி.யில் 25 மி.கி. இருக்கும், கிலோவுக்கு 7.5 மி.கி. என்றால் 20 கிலோ ஆட்டுக்கு 6 மி.லி. வேண்டும். 30 கிலோ ஆட்டுக்கும் அதே 6 மி.லி.யை ஊற்றினால், அரைகுறை மருந்தைத் தாங்கிய புழுக்கள் மட்டும் பிழைத்துப் பெருகும்.

மருந்தை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சாகப்போகும் ஆட்டைக் காப்பாற்ற வேலை செய்யும் மருந்து ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும். அது கையில் இருக்க வேண்டுமென்றால் அதன் தேவையைக் குறைக்க வேண்டும். அதற்கான வழி ஆட்டின் உடலிலேயே இருக்கிறது. ஒரே மந்தையில், ஒரே புல்லை மேய்ந்த ஆடுகளில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் பெரும்பாலான புழுக்களைச் சுமக்கிறது. மற்றவற்றின் உடல், உள்ளே போன இளம்புழுவைச் சளியோடு தள்ளிவிடுகிறது, தங்கியதை வளரவிடாமல் அடக்குகிறது, முட்டையைக் குறைக்கிறது. இந்த வேறுபாட்டில் நாலில் ஒரு பங்கு அளவு பரம்பரையாக வருவது; ஆய்வுகளில் இந்தப் பரம்பரைத் தன்மை 0.2 முதல் 0.4 வரை காணப்படுகிறது. பால் உற்பத்தியில் நாம் தேர்வு செய்து முன்னேறியதும் ஏறத்தாழ இதே அளவு பரம்பரைத் தன்மையை நம்பித்தான்.

இது புதிய யோசனையும் இல்லை. ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேலில் 1978 முதல் ஹீமாங்கஸை எதிர்க்கும் மெரினோ செம்மறி மந்தையைத் தேர்வு செய்து வளர்த்தார்கள். எதிர்ப்புள்ள ஆடுகளுக்குள்ளேயே புழுவைப் பல தலைமுறை வளர்த்துப் பார்த்தும், புழு அந்த எதிர்ப்பை மீறப் பழகவில்லை. மருந்து விஷயத்தில் சில வருடங்களில் பழகிக்கொண்ட அதே புழு. நம் நாட்டில் ராஜஸ்தானின் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் மால்புரா, அவிகாலின் என்ற இன ஆடுகளில் எதிர்ப்புள்ள வரிசை, எதிர்ப்பு குறைந்த வரிசை என்று பிரித்து வளர்த்து ஆராய்ந்திருக்கிறது. அதே நிறுவனத்தின் தென்னக மையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கிறது. கேட்டால் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள்.

இனி, எங்களுக்கு மிகவும் கவலை தரும் இடத்துக்கு வருகிறோம். கிடாக்களை நன்றாக வளர்க்க வேண்டும் என்று செய்யப்படும் இரண்டு காரியங்கள்தான் இந்தக் குணத்தை மறைக்கின்றன. ஒன்று, கிடாக் குட்டிகளுக்குத் தேதி வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றுவது. எந்தக் குட்டி தன் உடல் பலத்தால் நின்றது, எது மருந்தால் நின்றது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது, பரண் கொட்டகை. மரச்சட்டத் தரையில் நின்று, வெட்டிப்போட்ட தீவனம் தின்று வளரும் கிடாவின் சாணத்தில் முட்டை பூஜ்யமாகத்தான் இருக்கும். புழுவைச் சந்தித்தே இராத உடலின் பூஜ்யம் அது. அந்தக் கிடாவை நம்பி ஏரிக்கரையில் மேயும் மந்தையில் விட்டால், அதன் குட்டிகள் எப்படி நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பரண் முறையை நாங்கள் குறை சொல்லவில்லை. கறிக்கு வளர்க்க அது நல்ல முறை. கிடா தேர்வுக்கு மட்டும் அது போதாது.

சோதனை செய்யும் முறையை விரிவாகவே எழுதுகிறோம், ஏனென்றால் பாதியில் தவறினால் எண்கள் வரும், ஆனால் அவற்றுக்கு அர்த்தம் இருக்காது.

தை, மாசியில் பிறந்த கிடாக் குட்டிகள் சித்திரை, வைகாசியில் பால் மறந்துவிடும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியில் எதிர்ப்பு இன்னும் விழித்திருக்காது. நாலு மாதத்துக்கு மேல்தான் வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஒரே பருவத்தில் பிறந்தவற்றை ஒரே கூட்டமாக்கி, வேலை செய்யும் என்று சோதித்த மருந்தை ஒவ்வொன்றையும் எடை போட்டுக் கொடுக்க வேண்டும். குளோசன்டெல் என்ற மருந்து வேண்டாம்; அது உடலில் வாரக்கணக்கில் தங்கி, புதிதாக வரும் ஹீமாங்கஸையும் தடுத்துவிடும். 10 முதல் 14 நாள் கழித்துப் பத்துப் பதினைந்து குட்டிகளின் புழுக்கையைப் பார்த்தால் முட்டை இருக்கக் கூடாது. மருந்துக்கு முன் இருந்ததைவிட 95 சதவீதத்துக்குக் குறைவாகக் குறைந்திருந்தால் அந்தப் பண்ணையில் அந்த மருந்து தோற்றுவிட்டது. மருந்தை மாற்றித்தான் தொடர வேண்டும்.

பிறகு எல்லாக் குட்டிகளும் ஒரே மேய்ச்சலுக்குப் போக வேண்டும். சிலவற்றைக் கண்காட்சிக்கென்று தனியாகக் கட்டி அடர்தீவனம் போட்டால் அவை கணக்கிலிருந்து விலக்கப்பட வேண்டும், ஏனென்றால் புரதம் கூடினால் எதிர்ப்பும் கூடும். மருந்து கொடுத்து நாலு வாரம் கழித்து, பத்துக் குட்டிகளின் புழுக்கையை வாராவாரம் பாருங்கள். சராசரி கிராமுக்கு 500 முட்டையைத் தாண்டியதும் எல்லாக் குட்டிகளிடமும் மாதிரி எடுக்கலாம். 100, 150 இருக்கும்போதே அவசரப்பட்டு எடுத்தால் நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலத் தெரியும். அதற்காகக் காத்துக்கொண்டே இருந்து குட்டியைச் சாகவிடவும் கூடாது. கீழ் இமையை இழுத்துப் பார்த்து வெளுத்த குட்டிக்கு உடனே மாதிரி எடுத்து, மருந்து கொடுத்து, அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பே ஒரு முடிவுதான்.

மாதிரியைத் தரையிலிருந்து பொறுக்கக் கூடாது. கையுறை போட்ட விரலில் கொஞ்சம் எண்ணெய் தடவி, மலக்குடலிலிருந்து நாலைந்து கிராம் எடுத்து, பையின் காற்றை அழுத்தி வெளியேற்றி, காதுத் தகட்டு எண்ணைப் பையின் மேலேயே எழுத வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும், எனவே ஐஸ் பெட்டி கட்டாயம். ஃபிரிட்ஜில் வைக்கலாம், உறைய வைக்கக் கூடாது.

எண்ணுவதற்கு, கட்டம் போட்ட இரண்டு அறைகள் உள்ள மெக்மாஸ்டர் கண்ணாடி, சாதாரண மைக்ரோஸ்கோப், தேயிலை வடிகட்டி, உப்பு, தராசு போதும். ஒரு லிட்டர் வெந்நீரில் 400 கிராம் உப்பைப் போட்டுக் கரைத்தால் அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்கும். அதுதான் தேவையான செறிவு. 2 கிராம் புழுக்கையை 28 மி.லி. உப்புநீரில் நன்றாக மசித்து, வடிகட்டி, கலக்கிக்கொண்டே இரண்டு அறைகளையும் நிரப்ப வேண்டும். கலக்குவதை நிறுத்திவிட்டு எடுத்தால் முட்டைகள் மேலே மிதந்துவிட, அடித் தண்ணீர்தான் வரும். ஐந்து நிமிடம் விட்டால் முட்டைகள் மேல் கண்ணாடியை ஒட்டி நிற்கும். ஒவ்வொரு அறையின் கட்டத்துக்குக் கீழும் 0.15 மி.லி. இருக்கிறது, இரண்டு அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டி 50-ஆல் பெருக்கினால் கிராமுக்கு எத்தனை முட்டை என்று கிடைக்கும். மணிக்கணக்கில் விட்டால் உப்பு படிகமாகி முட்டை சுருங்கிவிடும். மூலை உள்ள நாடாப்புழு முட்டையையும், மிகச் சிறிய ரத்தக்கழிச்சல் கிருமியின் உருண்டைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உருண்டைப்புழு வகைகளின் முட்டைகள் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், கூட்டத்துக்கு ஒரு தடவையாவது புழுக்கையைச் சேர்த்து ஒரு வாரம் வளர்த்து, அதில் ஹீமாங்கஸ் எவ்வளவு என்று ஆய்வகம் பார்க்க வேண்டும். நீர்த்த கழிச்சல் உள்ள குட்டியின் எண் குறைவாகக் காட்டும். அதை நல்ல எண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் சுற்று ஆடி வாக்கில் முடியும். மறுபடி எல்லாவற்றுக்கும் மருந்து, மறுபடி மேய்ச்சல், புரட்டாசி ஐப்பசியில் இரண்டாவது சுற்று. ஒரே ஒரு எண்ணிக்கையை வைத்துக் கிடா எடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. ஒரு நாள் எண் நிறைய ஏறி இறங்கக் கூடியது. பழகிய ஒருவர் நாளுக்கு முப்பது நாற்பது மாதிரி எண்ணலாம். நூறு குட்டிகளுக்கு இரண்டு சுற்றும் சேர்த்து ஒரு வார வேலை. இதற்குப் பெரிய நிதி கேட்கவில்லை.

எண்களைக் கையாளும் விதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒன்பது குட்டிகள் ஆளுக்கு 200, ஒரு குட்டி 6,000 என்றால் சராசரி 780 வரும். அந்தச் சராசரியோடு ஒப்பிட்டால் ஒன்பதும் சிறந்த கிடாவாகிவிடும். அதனால் எண்ணை மடக்கைக்கு (லாகரிதம்) மாற்றி, ஒரே கூட்டத்துக்குள், பிறந்த தேதிக்கும் ஒற்றை இரட்டைப் பிறப்புக்கும் திருத்தி, ஒப்பிட வேண்டும். ஒரு பண்ணையின் 300-ஐ இன்னொரு பண்ணையின் 900-உடன் நேராக ஒப்பிடுவதில் பொருளே இல்லை. சீட்டில் 'கூட்டத்தைவிட இத்தனை சதவீதம் குறைவு' என்றுதான் எழுத வேண்டும்.

வாங்குபவருக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும். கூட்டத்தைவிட 60 சதவீதம் குறைந்த முட்டையுள்ள கிடாவை வாங்கினால் அதன் குட்டிகளிலும் 60 சதவீதம் குறையாது. பரம்பரைத் தன்மை 0.25, பாதிக் குணம்தான் தகப்பன் வழி என்று மடக்கையில் கணக்கிட்டால், குட்டிகளில் சுமார் 11 சதவீதம் குறையும். தொடர்ந்து இப்படிப்பட்ட கிடாக்களையே போட்டு, பெட்டைகளையும் அந்த மந்தையிலிருந்தே எடுத்தால், ஐந்து தலைமுறையில் 40 சதவீதத்துக்கு மேல் குறையும். தலைமுறைக்கு மூன்று வருடம் போகும். மெதுவான வேலைதான், ஆனால் முட்டை குறையக் குறைய மேய்ச்சல் நிலமும் சுத்தமாகும் என்பதால் மந்தைக்குக் கிடைக்கும் பலன் இந்தக் கணக்கைவிடக் கூடுதல். புழுவைச் சுமந்துகொண்டே கொழுகொழுவென்று இருக்கும் ஆடுகளும் உண்டு. அவை தாக்குப்பிடிப்பவை, எதிர்ப்பவை அல்ல. அவை நிலத்தில் முட்டையைக் கொட்டி மற்ற ஆடுகளைச் சாகடிக்கும். எடையை மட்டும் பார்த்துக் கிடா எடுத்தால் இவையும் தேர்வாகிவிடும். முட்டையை மட்டும் பார்த்து எடுத்தால் வளர்ச்சி பின்தங்கலாம். எடையில் மேல் பாதிக்குள் வந்த கிடாக்களில் முட்டை குறைந்ததை எடுங்கள் என்பது எங்கள் பரிந்துரை.

வெளியிலிருந்து எதிர்ப்புள்ள இனத்தைக் கொண்டுவந்து கலந்தால் சீக்கிரம் முடியுமே என்று சிலர் கேட்கிறார்கள். சுந்தரவனத்தின் காரோல் ஆட்டுக்கு அந்தக் குணம் உண்டு. மகாராஷ்டிரத்தின் பல்டணில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில், தக்காணி, நம் பண்டூர் இனக் குட்டிகளையும் அவற்றின் காரோல் கலப்புகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2003-இல் வெளிவந்தது. கலப்புக் குட்டிகள் புழுவை நன்றாக எதிர்த்தன, வளர்ச்சியில் பின்தங்கின. வளர்ந்த காரோல் பெட்டையே 10 முதல் 14 கிலோதான். பண்டூர் கறிக்கு இருக்கும் பெயரைக் கெடுத்துக்கொண்டு அந்த வழியில் போக வேண்டியதில்லை. பண்டூருக்குள்ளேயே, மேச்சேரிக்குள்ளேயே தேர்வு செய்ய வேண்டிய அளவு வேறுபாடு இருக்கிறது.

ஆய்வகம் எட்டாத இருபது முப்பது ஆட்டுக்காரருக்கு ஃபமாச்சா அட்டை உதவும். தென்னாப்பிரிக்காவில் உருவான இந்த அட்டையில் கண் இமை உட்சவ்வின் நிறம் சிவப்பிலிருந்து வெளுப்பு வரை ஐந்து படிகளாக அச்சிடப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கொட்டகைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பார்த்து, 4, 5 வந்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், மருந்து படாத புழுக்களும் நிலத்தில் தங்கி, மருந்தை மீறும் புழுக்கள் பெருகுவது தாமதமாகும். ஒரே பருவத்தில் இரண்டு தடவைக்கு மேல் மருந்து கேட்ட பெட்டையின் குட்டியை வளர்ப்புக்கு வைக்கக் கூடாது. குட்டி போட்ட தாய்க்கு இரண்டு மாதம் வரை முட்டை இயல்பாகவே கூடும் என்பதால் அந்தச் சமயத்தை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத வேண்டாம். கண்ணில் தூசியோ சீழோ இருந்தால் சோகையுள்ள கண்ணும் சிவந்து காட்டும்; உண்ணியும் ஈரல் தட்டைப்புழுவும் ஹீமாங்கஸ் இல்லாத ஆட்டின் கண்ணையும் வெளுக்க வைக்கும். இந்த அட்டையைக் கன்னடத்திலும் தமிழிலும் விளக்கத்தோடு கால்நடை மருந்தகங்களில் கிடைக்கச் செய்யுங்கள்.

தேசியக் கால்நடை இயக்கத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு 500 பெட்டை, 25 கிடா கொண்ட பண்ணைக்கு 50 சதவீதம், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் மானியம் கிடைக்கிறது. அந்த 25 கிடாதான் அடுத்து பிறக்கும் அத்தனை குட்டிகளுக்கும் தகப்பன். மானியக் கோப்பில் கிடாவின் ரசீதோடு முட்டைக் கணக்குச் சீட்டும் இணைக்கப்பட வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்க முயற்சி எடுங்கள். சீட்டில் காதுத் தகட்டு எண், கூட்டத்தில் எத்தனை குட்டி, இரண்டு சுற்றின் தேதியும் எண்ணும், கடைசி மருந்தின் பெயரும் தேதியும், கூட்டத்தோடு ஒப்பிட்ட சதவீதம், இவ்வளவு இருந்தால் போதும். பரணிலேயே வளர்ந்த கிடாவுக்கு 'மேய்ச்சலில் சோதிக்கப்படவில்லை' என்று அச்சிட்டுக் கொடுங்கள். வாங்குபவர் தெரிந்து வாங்கட்டும்.

அரசுப் பண்ணைகள் முதலில் தொடங்கினால் தனியார் பண்ணைகள் பின்னாலேயே வரும், ஏனென்றால் சீட்டுள்ள கிடாவுக்குக் கூடுதல் விலை கொடுக்க நாங்கள் தயார். வரும் தை, மாசிக் குட்டிகளிலிருந்தே தொடங்க வேண்டுமானால், மெக்மாஸ்டர் கண்ணாடிகளையும் காதுத் தகடுகளையும் மார்கழிக்குள் வாங்கி, எண்ணுவதற்கு ஆட்களைச் சித்திரைக்குள் பழக்கிவிட வேண்டும். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது. பயிற்சிக்கு வெளியே போக வேண்டியதில்லை. எங்களில் எண்ணத் தெரிந்தவர்கள் பண்ணைக்கு வந்து கூட உட்கார்ந்து எண்ணித் தரவும், எங்கள் மந்தைகளின் கணக்கைத் துறையோடு பகிர்ந்துகொள்ளவும் சம்மதிக்கிறோம்.

இப்படிக்கு,
பெங்களூரு வட்டாரத் தமிழ்ச் செம்மறி வளர்ப்போரும் கால்நடை மருத்துவர்களும்